'அகமெம்னான்' நாடகத்துக்கு உடை தைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் நாடகக் குழு ஈஸ்கிலஸின் 'அகமெம்னான்' நாடகத்தை மேடையேற்றப் போகிறது. உடைப் பொறுப்பு என்னுடையது. தையல் நன்றாகவே தெரியும், ஆனால் பழைய கிரேக்க உடை பற்றி ஒன்றும் தெரியாது. ஆளுக்கு ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றி இடுப்பில் கயிறு கட்டிவிட்டால் போதும் என்கிறார்கள். போதுமா? எங்கே தொடங்குவது?

பதில்:

போதாது. பட்ஜெட் இல்லாத கல்லூரி விழாவில் வேண்டுமானால் அது ஓடும். நீங்கள் எடுத்திருக்கும் நாடகத்துக்கு அது நேர் எதிரான வேலை.

கிரேக்க உடைப் படங்களைத் தேடுவதற்கு முன்னால் ஒரு பென்சிலோடு உட்கார்ந்து பிரதியைப் படியுங்கள். துணி, சாயம், நெசவு, வலை, காலணி என்று எது வந்தாலும் அடிக்கோடு போடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் கோடு விழும். பெரும்பாலான நாடகங்களில் உடை பாத்திரம் யார் என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இதில், டிராய் போரில் ஜெயித்து வரும் ராஜா அகமெம்னானை அவன் மனைவியே கொல்கிறாள். துணிதான் அவனை வீட்டுக்குள் இழுக்கிறது, துணிதான் அவனைக் கட்டிப்போடுகிறது. அதனால் யாருக்கு என்ன உடை என்று ஆரம்பிக்காதீர்கள். எந்தத் துணி எந்தக் காட்சியில் என்ன செய்கிறது என்று ஆரம்பியுங்கள். ஆட்களின் உடை தானாக அதற்குப் பின்னால் வரும்.

முதல் துணி கண்ணுக்கே தெரியாது. பத்து வருடம் முன்பு ஆலிஸ் துறைமுகத்தில் அகமெம்னான் தன் மகள் இஃபிஜெனியாவைப் பலி கொடுத்ததை முதியவர் குழு (நாடகத்தின் கோரஸ்) பாடுகிறது. குங்குமப்பூச் சாயம் தோய்ந்த அவளுடைய உடை தரையில் வழிந்ததாகப் பாட்டில் வருகிறது. அந்தப் பெண் மேடைக்கு வருவதே இல்லை. ஆனால் அவளுடைய அம்மா கிளிடெம்னெஸ்ட்ரா திரும்பத் திரும்ப நம் கண்முன் வந்து நிற்கிறாள். நானாக இருந்தால் அவளுடைய உடையில் ஓரிடத்தில் மட்டும், உள்பக்கத் துணியிலோ ஓரக் கரையிலோ, அந்தக் குங்குமப்பூ மஞ்சளை வைப்பேன். வேறு யாருக்கும் மஞ்சள் கிடையாது. பார்ப்பவர்களில் பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள், பரவாயில்லை. நடிகைக்குத் தெரியும்.

இரண்டாவது துணிதான் நாடகத்தின் நடுப்புள்ளி. போரில் ஜெயித்து வரும் அகமெம்னானின் காலடியில் பணிப்பெண்கள் சிவந்த துணிகளை விரிக்கிறார்கள். அவன் தயங்குகிறான், தெய்வங்களுக்குத்தான் இப்படிச் செய்ய வேண்டும் என்கிறான். பிறகு மனைவி கிளிடெம்னெஸ்ட்ராவின் பேச்சில் விழுந்து மிதித்துக்கொண்டே உள்ளே போகிறான். இங்கே பல குழுக்கள் செய்கிற தப்பு, ஒரு சிவப்புக் கம்பளத்தை உருட்டிவிடுவது. கம்பளம் மிதிப்பதற்கென்றே நெய்தது, அதை மிதித்தால் யாருக்கு என்ன பாவம்? பிரதியில் வருபவை வேலைப்பாடுள்ள நெசவுத் துணிகள், வீட்டின் செல்வம். மிதித்தால் நாசமாகும் என்பதுதான் விஷயமே. "கடல் இருக்கிறது, அதை யாரால் வற்றவைக்க முடியும்?" என்று கிளிடெம்னெஸ்ட்ரா சொல்வதும் இந்தச் சாயத்தைப் பற்றித்தான். முரெக்ஸ் என்ற கடல் நத்தையிலிருந்து எடுத்த சாயம் அது. 1909-இல் பால் ஃப்ரீட்லேண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளை உடைத்து 1.4 கிராம் சாயம்தான் எடுத்தார். எடைக்கு எடை வெள்ளி என்று அவள் சொல்வது சும்மா பெருமைப் பேச்சு இல்லை.

எனவே மெல்லிய, மிதித்தால் கசங்குவது தெரிகிற துணியாக எடுங்கள். பட்டு கட்டுப்படியாகாது. பட்டுப் பளபளப்புள்ள பருத்திக் கலவை போதும். ஒரே நீளமாக இல்லாமல் ஐந்தாறு தனித் துணிகளாக, ஒவ்வொன்றிலும் வேறு வேறு கரை வைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி தையுங்கள். யாரோ உடுத்தியிருக்க வேண்டிய துணிகள் என்று தெரிய வேண்டும். நிறம் பளீர் சிவப்பு வேண்டாம். சிவப்புக்கும் ஊதாவுக்கும் நடுவில், காய்ந்த ரத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அடிப்பக்கத்தில் வழுக்காத ரப்பர் வலையைத் தைத்துவிடுங்கள். நடிகர் படியேறும்போது துணி நழுவினால் சோக நாடகம் ஒரே நொடியில் நகைச்சுவை ஆகிவிடும்.

இன்னொன்று, இந்த நிறத்தை அதுவரை மேடையில் யாருக்கும் கொடுக்காதீர்கள், ராணிக்கும் கூட. அந்தத் துணி விரியும்போதுதான் முதல்முறையாகச் சிவப்பு மேடைக்கு வர வேண்டும். உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம் இது, செலவும் கிடையாது.

துணியில் கால் வைப்பதற்கு முன் அகமெம்னான் தன் காலணிகளைக் கழற்றச் சொல்கிறான். வசனத்தில் அதற்கு இருக்கும் நேரம் மிகக் குறைவு. முழங்கால் வரை வார் சுற்றிய செருப்பைக் கொடுத்தீர்களானால் பணியாள் அவிழ்த்து முடிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். வார்களைப் பொய்யாக மேலே தைத்துவிட்டு, பின்பக்கம் வெல்க்ரோவோ கொக்கியோ வையுங்கள். உயரமான கட்டைக் காலணி போடலாமா என்று யாராவது கேட்பார்கள். கிரேக்க சோக நாடகம் என்றதும் நினைவுக்கு வரும் அந்தத் தடித்த அடிப்பாகம் பிற்காலத்தது. ஈஸ்கிலஸ் காலத்து நடிகர்கள் போட்டது மெத்தென்ற தோல் பூட்ஸ்தான். அதனால் அவர்களால் ஆடவும் ஓடவும் முடிந்தது.

அகமெம்னான் டிராயிலிருந்து சிறைப்பிடித்து வந்த கசாண்ட்ரா நீண்ட நேரம் வாயே திறக்காமல் ரதத்தில் இருக்கிறாள். அவ்வளவு நேரமும் பார்வையாளர்கள் அவளுடைய உடையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆகவே இங்கே நேரம் செலவழியுங்கள். அவள் அப்பல்லோவின் குறிசொல்பவள், கையில் கோல், கழுத்தில் கம்பளி நூல் மாலைகள். சாவுக்குள் போகும் முன் கோலையும் மாலையையும் தூக்கி எறிகிறாள், தன் குறிசொல்லும் உடையை அப்பல்லோவே உரிக்கிறான் என்கிறாள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எழுதிய போலக்ஸ் என்பவர், நாடகத்தில் குறிசொல்பவர்கள் உடம்பு முழுக்கக் கம்பளியால் ஆன வலை போன்ற ஒன்றை மேலே போட்டிருந்ததாகக் குறிப்பிடுகிறார். ஈஸ்கிலஸ் காலத்திலும் அப்படித்தான் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் உடை வடிவமைப்பவருக்கு இதைவிட நல்ல பரிசு கிடைக்காது. தடித்த கம்பளி நூலில் அகலக் கண்ணிகளாக ஒரு வலை பின்னி அவளுக்குப் போடுங்கள். அவள் அதைக் கிழித்து எறிந்துவிட்டு உள்ளே போகிறாள். கொஞ்ச நேரத்தில் ராஜா வேறொரு வலையில் செத்துக் கிடக்கிறான். கழுத்துக்குப் பின்னால் இரண்டு டிச் பட்டன் வைத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும், தலைமுடியில் சிக்காது.

அந்த இன்னொரு வலைதான் மூன்றாவது துணி. குளிக்கும் இடத்தில், மீன்வலை போல வெளியேற வழியில்லாத ஒரு ஆடையைச் சுற்றி மூன்று முறை வெட்டியதாகக் கிளிடெம்னெஸ்ட்ராவே பிணங்களுக்கு நடுவில் நின்று சொல்கிறாள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில், ஏறக்குறைய இந்த நாடகத்தின் காலத்திலேயே வரைந்த, மதுவும் நீரும் கலக்கும் ஒரு பெரிய சாடி இருக்கிறது. அதில் அகமெம்னான் உடம்பு தெரிகிற மெல்லிய அங்கிக்குள் மாட்டிக்கொண்டு கையை நீட்டுகிறான், வாளோடு வருபவன் கிளிடெம்னெஸ்ட்ராவின் காதலன் ஈஜிஸ்தஸ். தலைக்கோ கைக்கோ அந்த அங்கியில் திறப்பே இல்லை. ஓவியரின் கதை கொஞ்சம் வேறு, ஆனால் அங்கியின் வெட்டு உங்களுக்குத் தேவையானதுதான். மிகப் பெரிய சட்டை மாதிரித் தையுங்கள், கையும் கழுத்தும் மூடியிருக்கட்டும். துணி கொஞ்சம் ஒளி ஊடுருவ வேண்டும், ஆனால் நைலான் வலை வேண்டாம், மேடை விளக்கில் அது கொசுவலையாகத்தான் தெரியும். மெல்லிய மல் துணி நன்றாக வரும். சின்னக் குழு என்றால் அகமெம்னானாக நடித்தவரே கடைசியில் ஈஜிஸ்தஸாக வர வேண்டியிருக்கும். அப்போது இந்த அங்கிக்குள் பஞ்சு அடைத்த பொம்மையை வையுங்கள், முகம் தெரியாததால் பிரச்சினை இல்லை.

ரத்தத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளிடெம்னெஸ்ட்ரா சுத்தமான உடையோடு உள்ளே போகிறாள், ரத்தத் துளிகளோடு வெளியே வருகிறாள். ஒவ்வொரு காட்சிக்கும் ரத்தம் தெளித்துத் துவைக்கப் பார்க்காதீர்கள், மூன்றாவது நாளே உடை ரோஜா நிறத்துக்கு வந்துவிடும். ஒரே மாதிரி இரண்டு உடை தைத்து, ஒன்றில் துணி பெயின்ட்டால் நிரந்தரமாகத் துளிகளைத் தீட்டிவிடுங்கள். கறுப்பு கலந்த சிவப்பு, மேலே மட்டும் கொஞ்சம் வார்னிஷ் பூசினால் ஈரமாகத் தெரியும். கைக்கும் முகத்துக்கும் மட்டும் திரவ ரத்தம். அவள் உள்ளே இருக்கும் நேரம் உடை மாற்றத் தாராளம்.

சரி, இனி உடை எந்தக் காலத்தியது என்ற கேள்வி. கதை டிராய் போர் காலம், நாடகம் எழுதியது கி.மு. 458-இல் ஏதென்ஸில். 1876-இல் மைசீனியில் ஷ்லீமன் தோண்டி எடுத்த தங்க முகமூடியை 'அகமெம்னானின் முகம்' என்று சொல்வதால் பலர் அந்தக் காலத்து உடைக்கே போகப் பார்க்கிறார்கள். அந்த முகமூடி டிராய் போருக்குச் சொல்லப்படும் காலத்தைவிடப் பல நூற்றாண்டு பழையது. போதாக்குறைக்கு ஈஸ்கிலஸ் தன் கதையை மைசீனியில் வைக்கவே இல்லை, ஆர்கோஸில் வைத்தார். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அப்படியானால் அன்றைய நடிகர்கள் என்ன போட்டார்கள்? தெருவில் போட்ட உடையை அப்படியே மேடையில் போடவில்லை என்பதுதான் முக்கியமான செய்தி. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ப்ரோனோமோஸ் சாடி ஏறக்குறைய கி.மு. 400-இல் வரைந்தது. ஒரு நாடகக் குழு முழுவதும் அதில் இருக்கிறது, முகமூடிகளைக் கையில் பிடித்துக்கொண்டு. நடிகர்களின் அங்கியில் ஒரு அங்குலம் கூட வெறுமையாக இல்லை. பூ, விலங்கு, கட்டம், கரை என்று நெருக்கி அடித்த வேலைப்பாடு. மணிக்கட்டு வரை இறுக்கமான நீளக் கை. சாதாரண ஏதென்ஸ்காரர் அப்படிக் கை வைத்துப் போட மாட்டார். எல்லா நடிகர்களும் ஆண்கள், பல வேடம் போடுபவர்கள். நீளக் கை அதற்கும் வசதி. நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 425-இல், சோக நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் ராஜாக்களுக்குக் கந்தல் கட்டிவிட்டார் என்று மேடையிலேயே கிண்டல் செய்தார். சோக நாடகத்து ராஜா ஜொலிக்க வேண்டும் என்று பார்வையாளர்கள் எதிர்பார்த்ததால்தானே அந்தக் கிண்டல் எடுபட்டது?

வெள்ளை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்றால், சிலைகளிலிருந்து. மழையிலும் மண்ணிலும் நிறம் போன பளிங்கைப் பார்த்துவிட்டு மனிதர்களும் அப்படித்தான் இருந்தார்கள் என்று நினைத்துவிட்டோம். அந்தச் சிலைகளுக்கு நிறம் தீட்டியிருந்தார்கள். வின்சென்ஸ் பிரிங்க்மன் குழுவினர் அந்த நிறங்களை ஆராய்ந்து, மறு உருவாக்கங்களை 2003-இல் மியூனிக்கில் காட்சிக்கு வைத்தார்கள். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். முதலில் கண் கூசும், அப்புறம் பழகிவிடும். மஞ்சிட்டிச் சிவப்பு, நீலம், குங்குமப்பூ மஞ்சள், கம்பளியின் இயல்பான பழுப்பு, கறுப்பு, இவ்வளவும் உங்கள் கையில் இருக்கிறது. சிவப்பையும் மஞ்சளையும் மட்டும் மேலே சொன்னபடி பூட்டி வையுங்கள்.

இனித் தையல். இங்கே உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. கிரேக்க உடையில் வெட்டுவது மிகக் குறைவு. தறியிலிருந்து இறங்கிய செவ்வகத்தை மடித்து, குத்தி, இடுப்பில் கட்டுவதுதான். கொசுவம் வைக்கத் தெரிந்த கைக்கு ஒரு மத்தியானம் போதும்.

பெண்களுக்கான பெப்ளோஸ் கம்பளி உடை. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி முழங்கைக்கு முழங்கை அளந்து இரண்டு மடங்கு எடுத்தால் சுற்றளவு. உயரத்துக்குத் தோளிலிருந்து தரை வரை அளந்து, மேலே மடித்துத் தொங்கவிட 40 செ.மீ., இடுப்புக் கச்சைக்கு மேல் உப்பலாக இழுத்துவிட 15 செ.மீ. சேருங்கள். 160 செ.மீ. உயரமுள்ள நடிகைக்கு மொத்தம் 190 செ.மீ. அளவில் வரும். 110 செ.மீ. அகலத் துணியில் இரண்டு துண்டு, அதாவது கிட்டத்தட்ட 4 மீட்டர். மேல் மடிப்பை வெளியே விட்டு, முன்னும் பின்னும் தோளில் சேர்த்துக் குத்த வேண்டும். கிட்டோன் என்ற இன்னொரு உடை மெல்லிய லினன், இன்னும் அகலம், மூன்று துண்டு வேண்டும். தோளிலிருந்து கை நெடுக இடைவெளி விட்டுப் பொத்தான் மாதிரி முடிச்சுகள் வரும். ப்ரோனோமோஸ் சாடியில் இருப்பது போன்ற நீளக் கை ராஜ அங்கிக்கு மட்டும் உண்மையாகவே கை வெட்ட வேண்டும். அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தையுங்கள், இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போது அங்கி முழுவதும் மேலே ஏறும்.

ஒரு விஷயத்தில் வரலாற்றைக் கேட்காதீர்கள். ஊசிகளை உண்மையாகக் குத்தவிடாதீர்கள். தோள் மடிப்பை உள்ளே நாடா வைத்துத் தைத்துவிட்டு, மேலே பார்வைக்கு மட்டும் ஊசித் தலையை ஒட்டுங்கள். கிரேக்க ஊசிகள் விளையாட்டுச் சாமான் இல்லை. ஒரு போரில் தப்பி வந்த ஒரே ஒருவனை ஏதென்ஸ் பெண்கள் உடை ஊசியாலேயே குத்திக் கொன்றார்கள், அதனால்தான் ஊசி தேவையில்லாத உடைக்கு அவர்களை மாற்றினார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் எழுதியிருக்கிறார். சோஃபோக்ளீஸின் நாடகத்தில் ஈடிபஸ் ராஜா தன் கண்களைக் குத்திக்கொண்டதும் மனைவியின் உடை ஊசிகளால்தான். அடுத்த வருடம் அந்த நாடகம் போட்டால் இதை நினைவில் வையுங்கள்.

மடிப்பு நிற்கவில்லை என்றால், துணியை நனைத்து நீளவாக்கில் சிறு மடிப்புகளாகச் சேர்த்து, கயிறு மாதிரி முறுக்கி, இரண்டு முனையிலும் கட்டி, அப்படியே முழுவதும் காயவிடுங்கள். பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம். அது விழுகிற விதமே வேறு. 1927-இல் டெல்ஃபியில் 'ப்ரொமீதியஸ்' நாடகம் போட்டபோது ஈவா பால்மர் சிகெலியானோஸ் உடைகளுக்கான துணியைத் தானே தறியில் நெய்தார். ஆலைத் துணி சிலைகளில் காணும் மடிப்பைத் தரவில்லை என்பதுதான் அவருடைய குறை. நீங்கள் நெய்ய வேண்டாம், தளர்வான கைத்தறியும் தடித்த கதரும் வாங்கினாலே பாதி வேலை முடிந்தது. வாங்கியதும் ஒருமுறை வெந்நீரில் அலசிச் சுருங்கவிட்ட பிறகு வெட்டுங்கள்.

முதியவர் குழு 12 பேர். இவர்களுக்குத்தான் துணிச் செலவு அதிகம். ஹிமேஷன் என்ற மேல்துணி ஒன்றரை மீட்டர் அகலம், கிட்டத்தட்ட மூன்று மீட்டர் நீளம், ஊசியே இல்லாமல் இடது தோளிலும் கையிலும் தாங்கி நிற்பது. அதாவது இடது கைக்கு வேறு வேலை கொடுக்க முடியாது. வலது கையில் கோல். இதை இயக்குநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், கடைசி வாரத்தில் கைதட்டி ஆடச் சொன்னால் மேல்துணிகள் எல்லாம் தரையில்தான். மூலைகளில் சின்ன வாஷர்களைத் துணிக்குள் வைத்துத் தைத்தால் கனமாகத் தொங்கும். 12 பேருக்கும் ஒரே சாயத் தொட்டியைப் பயன்படுத்தி, ஒவ்வொரு துணியையும் வேறு வேறு நேரத்தில் வெளியே எடுங்கள். குழுவாகவும் இருப்பார்கள், சீருடையாகவும் தெரியாது. பழசாக்குவதற்கு உப்புக் காகிதம், கம்பி பிரஷ், காய்கறித் துருவி. முழங்கால், முழங்கை, கீழ் ஓரம் இவற்றைத் தேயுங்கள். தூதுவனுக்கு இதே வேலையை இரண்டு மடங்கு செய்யுங்கள், அவன் போர்க்களத்திலிருந்து தூசியோடு வருகிறான், தலையில் ஒலிவக் கிளை. ஈஜிஸ்தஸுக்கு நேர்மாறாக ஒரு சுருக்கம்கூட இல்லாத உடை. பத்து வருடம் வீட்டில் இருந்தவன் அவன்.

முகமூடி போடுவதா என்பது இயக்குநரின் முடிவு. 1981-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் பீட்டர் ஹால் இதையும் இதன் தொடர்ச்சியான இரண்டையும் சேர்த்து 'ஒரெஸ்டியா' என்ற மூன்று நாடகங்களையும் முழு முகமூடியோடு, ஆண்களை மட்டும் வைத்துச் செய்தார். ஜோஸ்லின் ஹெர்பெர்ட்தான் வடிவமைப்பு. மறு ஆண்டு கிரேக்கத்தின் பழைய அரங்கமான எபிடாரஸ் வரை போனது. அதற்குப் பின்னால் மாதக்கணக்கான பயிற்சி இருந்தது. உங்களுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். உடையே போதும். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 1990-இல் தொடங்கிய 'லேஸ் ஆட்ரிட்' வரிசையில் பிரெஞ்சு இயக்குநர் ஏரியான் முனூஷ்கின் கிரேக்கத் துணியையே தொடாமல், கதகளியை ஒட்டிய பாவாடைகளும் கனத்த முக ஒப்பனையும் வைத்தார். கிரேக்க நடிகரின் ஜொலிப்பும் கனமும் அதில் வெள்ளைப் போர்வையைவிட அதிகமாகவே இருந்தன என்பது என் கருத்து.

கடைசியாக விளக்கு. நீல விளக்கில் சிவப்புத் துணி கறுப்பாகிவிடும். அந்த விரிப்பு கறுப்பாகத் தெரிந்தால் உழைப்பெல்லாம் வீண். ஆகவே துணியை மொத்தமாக வாங்குவதற்கு முன் அரை மீட்டர் மட்டும் வாங்கி, சாயமேற்றி, விளக்குக்காரரிடம் கொண்டுபோய் அந்தக் காட்சியின் விளக்கைப் போடச் சொல்லிப் பாருங்கள். அதே சமயம் பழைய போர்வைகளை ஒத்திகைக்குக் கொடுத்துவிடுங்கள். தரை தொடும் துணியில் படி ஏறி இறங்க நடிகர்களுக்கு முதல் வாரத்திலிருந்தே பழக்கம் வேண்டும். முன்பக்க ஓரத்தை மட்டும் தரையிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தூக்கித் தையுங்கள், பின்பக்கம் இழுபடட்டும்.